கவிழ்த்து வைத்த டிப்ளோமா

ஆம்புரோஸ் தாளை முதலில் பார்ப்பதில்லை. வாங்கியதும் மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொள்கிறார். பிறகு எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

"உங்க காலேஜு கேன்டீன்ல மீ கோரெங் பெரட்டுனது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?"

நிற்பவன் மின்பொறியியல் டிப்ளோமா வாங்கிய இளைஞன். படித்ததில் எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறான். மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுவலை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு அக்கா, அங்கிள். அவங்களுக்குக் காது சரியா கேக்காது. கையக் காட்டித்தான் ஆர்டர் பண்ணணும்."

"அவங்க மகன்தானே காசு வாங்குவான்?"

"மகன் இல்ல அங்கிள், மருமகன். சிடுமூஞ்சி."

அப்போதுதான் உள்ளங்கை விலகித் தாள் புரள்கிறது. அன்று அந்த இளைஞன் படியிறங்கிய பிறகு, சரியான விடை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "எனக்கு எப்படிலா தெரியும்? அந்த காலேஜுப் பக்கமே நான் போனதில்ல. அவனுக்குத் தெரியுதான்னுதான் பாக்குறேன். படிச்சவன் ஞாபகப்படுத்திச் சொல்வான், படிக்காதவன் யோசிச்சுச் சொல்வான். ரெண்டு பேருக்கும் கண்ணு ஒரே எடத்துக்குப் போகாது."

ஈப்போவின் பழைய நகரத்தில், நீதிமன்றத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு கோப்பிக்கடையின் மேல்மாடியில் அவர் அலுவலகம். வாசலில் 'பெசுருஜாயா சும்பா', அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், என்று மலாய்ப் பலகை. சத்தியக் கடிதங்களுக்குச் சாட்சியாக நின்று கையெழுத்து வாங்குவதும், சான்றிதழ் நகல்களில் 'இது அசலின் மெய்யான நகல்' என்று முத்திரை குத்துவதும் தொழில். மக்கள் அந்த முத்திரையைச் 'சாப்பு' என்பார்கள். அவரைச் 'சாப்பு அங்கிள்' என்பார்கள். அறையின் மறுபாதி என்னுடையது. கோயில் கல்யாணக் கடிதங்களையும் இந்தியாவிலிருந்து வரும் பத்திரங்களையும் மலாயில் பெயர்த்துக் கொடுக்கிறேன். இடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரத் தடுப்பு. அவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் எனக்கும் கேட்கும்.

அறுபத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பில் வெள்ளைச் சட்டை எப்போதும் ஓர் அளவு பெரிதாகத் தொங்கும். சட்டைப் பையில் ஊதா ஒளி விடும் சிறிய டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு பேனா. ஒரு பேனா மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு. மூடியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். முத்திரைக் கட்டையைப் பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறார். பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு எப்படிப் போடுவது என்று யாராவது கேட்டால், இரண்டு துளையும் ஒரு கொக்கியும் போதும் என்று காட்டுவார். இழுப்பறையில் பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று. பேராக் மாநிலத்தில் இருக்கிற, இருந்த, இழுத்து மூடிய தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றின் முத்திரையையும் அவற்றில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் குறிப்புகள்: 'ஓரம் தேய்ந்தது', 'நட்சத்திரத்துக்கு நாலு முனைதான்', 'பதிவாளர் இடது கைக்காரர்'.

தாளைப் புரட்டிய பிறகும் எளிதில் விடமாட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஓரத்தை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். மோந்து பார்ப்பார். எதிரே நிற்பவர்களுக்கு அது அவமானமாக இருக்கும். எனக்கும் முதல் ஆறு மாதம் அவர்மீது ஐயம் இருந்தது. இந்த மனிதர் உண்மையைத் தேடுகிறாரா, இல்லை, மறுப்பதில் ருசி கண்டுவிட்டாரா? ஒருநாள் நான்கு பேரைத் தொடர்ந்து திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு திருப்தியாக மென்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் கோப்புகள் எடுத்துக் கொடுக்கும் மகேந்திரன் சில நாள் மதியம் மேலே வருவார். அவர் ஒருமுறை சொன்னார்: "அண்ணே, நகல் அசல் மாதிரி இருக்கான்னு பாத்தா போதும்லா. அசலு நெசமா பொய்யான்னு பாக்கச் சொல்லி யாரு உங்களுக்கு சொன்னா?"

"பொய்யோட நகலும் பொய்தானே மகேந்திரா? அதுக்குக் கீழ எதுக்கு எம் பேரு?"

"அப்ப அடுத்த கடைக்குப் போயிருவானுங்க. அங்க கேள்வியே இல்ல."

"போட்டும். எங்கிட்ட சாப்பு வாங்குனவன்கிட்ட அப்புறம் எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

அது உண்மைதான். ஆம்புரோஸ் முத்திரை என்றால் சில முதலாளிகள் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. "சந்தேகக்காரன்கிட்ட போய் சாப்பு வாங்கிட்டு வா" என்றே அனுப்புகிறார்கள்.

ஓய்வு பெறுமுன் அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்பவர். "முப்பத்தோரு வருசம் மத்தவன் சொன்ன பொய்யை நான் சுத்தமான மலாய்ல சொன்னேன்லா. அவன் திக்கித் திணறிச் சொல்வான். நான் திக்காம சொல்வேன். ஜட்ஜுக்கு அது நெசம் மாதிரியே கேக்கும்." இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கண் மட்டும் சிரிக்காது.

அந்த வேலையிலிருந்து வந்தது அவருடைய தடித்த ஆங்கில அகராதி. அட்டை போய்விட்டது, சமையல் எண்ணெய் நாட்காட்டியின் வழவழப்பான தாளைப் போட்டு ஒட்டியிருக்கிறார். ஆட்களிடம் கேட்பதைப் போலவே சொற்களிடமும் நீ எங்கிருந்து வந்தாய், முன்பு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பது அவர் வழக்கம். 'டிப்ளோமா' என்ற சொல்லுக்கு அவர் வைத்திருக்கும் கோப்புதான் மிகப் பெரியது. மழை நாளில் ஆள் வராதபோது அதைத் திறப்பார்.

அது கிரேக்கச் சொல். இரட்டித்தது, இரண்டாக மடித்தது என்று பொருள். ஆரம்பத்தில் படிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மடித்துக் கொடுத்த அரசாங்கக் கடிதத்துக்கு அந்தப் பெயர். ரோமாபுரியில் அதை நீட்டினால் வழியில் குதிரை மாற்றிக் கொடுப்பார்கள். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் முதலில் அரசாங்கப் பத்திரமாகத்தான் நுழைந்தது. கல்லூரி கொடுக்கும் தாள் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. நாட்டுக்கு நாடு தூது போகிறவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வயிற்றில் பிறந்ததுதான்.

ஆம்புரோஸுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ரோமாபுரிப் படையில் இருபத்தைந்து வருடம் உழைத்த வெளிநாட்டுச் சிப்பாய்க்குக் குடியுரிமை கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு அத்தாட்சியாக இரண்டு வெண்கலத் தகடுகள். ஒரே வாசகத்தை இரண்டு முறை செதுக்குவார்கள். ஒன்று வெளிப்பக்கம், எவரும் படிக்கலாம். இன்னொன்று உள்பக்கம், தகடுகளைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகள் முத்திரை வைத்துவிடுவார்கள். வெளிப்பக்கத்தை எவனாவது சுரண்டித் திருத்தினால், கட்டைப் பிரித்ததும் உள்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தகடுகளையும் இன்றைய ஆய்வாளர்கள் டிப்ளோமா என்றே குறிக்கிறார்கள்.

"பாத்தியா?" என்பார் ஆம்புரோஸ், தானே அந்தத் தகட்டைச் செதுக்கியதுபோல. "அப்பவே ஒருத்தன் ஒருத்தன நம்பலலா. இப்ப ஒத்தத் தாளக் குடுத்து அனுப்பிடுறானுங்க. உள்பக்கம் எங்க? உள்பக்கம் ஆளுக்குள்ளதான் இருக்கு. அதான் நான் தாளக் கவுத்துட்டு ஆளக் கேக்குறேன்."

அலுவலகத்துக்கு வெளியிலும் இந்தப் புத்தி அடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பலகையில் எழுதியிருக்கும் பாடல் எண்ணைப் புத்தகத்தில் சரிபார்த்த பிறகே வாய் திறப்பாராம். அதனால் முதல் அடியை அவர் பாடி யாரும் கேட்டதில்லை. சந்தையில் மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. இவர் மீன்காரன் விரலை மோந்து பார்த்திருக்கிறார். மகள் ஷெரில் காம்பாரில் படித்து முடித்துத் தாளோடு வீட்டுக்கு வந்தபோது, அதையும் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்து, நூலகத்தில் குளிர்சாதனம் எந்தப் பக்கம் சொட்டும் என்று கேட்டிருக்கிறார். ஷெரில் இரண்டு வாரம் அப்பாவிடம் பேசவில்லை. "கேட்டிருக்கக் கூடாது" என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "ஆனா சரியா சொல்லிருச்சு" என்றார்.

ஏன் இப்படி ஆனார் என்பதை அவர் சொன்னதில்லை. மகேந்திரன்தான் சொன்னார். முத்திரை கிடைத்த இரண்டாம் வருடம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், படிவரைக்கும் கூட்டம். கொதிகலன் இயக்கும் சான்றிதழோடு ஒருவன் வந்திருக்கிறான். ஆம்புரோஸ் நகலைப் பார்த்தார், அசலைப் பார்த்தார், இரண்டும் ஒன்றாக இருந்தன, குத்திவிட்டார். ஏழு மாதம் கழித்து பீடோர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நீராவி பீறிட்டு, பத்துமலை என்ற தொழிலாளிக்கு இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயின. கொதிகலனை இயக்கியவன் அந்த ஆள். சான்றிதழ் கடையில் அடித்தது. நாளிதழில் செய்தியைப் படித்த ஆம்புரோஸ், பத்து காஜா மருத்துவமனைக்கு நான்கு முறை போயிருக்கிறார். யார் என்று சொல்லவில்லை. கோயிலிலிருந்து வருவதாகச் சொல்லி, ஆரஞ்சு உரித்து, சுளை சுளையாகப் பத்துமலைக்கு ஊட்டிவிட்டு வந்திருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணியிருக்கும். பிரமிளா என்ற பெண் தன் அம்மா ராக்காயியோடு படியேறி வந்தாள். பிரமிளாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் கனத்த துணிப்பை. ராக்காயி பேரங்காடியில் துப்புரவு வேலை செய்பவர், சீருடையிலேயே வந்திருந்தார். கையில் ஒரு துண்டில் சுற்றிய தட்டையான பொருள். குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தார்.

புதிதாகத் திறக்கும் பாலர்பள்ளி ஒன்றில் பிரமிளாவைத் தலைமை ஆசிரியையாக எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலைக்குள் டிப்ளோமாவின் அத்தாட்சி நகல் வேண்டும். அதிலும் இந்த மாடியில்தான் முத்திரை வாங்க வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டாராம்.

"ஏன் எங்கிட்ட?" என்றார் ஆம்புரோஸ்.

பிரமிளா கல்லூரியின் பெயரைச் சொன்னாள். ஆம்புரோஸின் புருவம் ஏறியது. மூடிப் போன கல்லூரி அது. மூடுவதற்கு முந்தைய வருடம் படிக்காதவர்களுக்கும் தாள் கிடைத்தது என்று ஊரில் பேச்சு. அந்தக் கல்லூரியின் பெயரில் வந்த போலிகள் மூன்றை அவரே பிடித்திருக்கிறார். தொலைபேசியில் விசாரிக்க இப்போது அங்கே ஆள் கிடையாது.

ராக்காயி துண்டைப் பிரித்தார். தாளைக் கவிழ்ப்பதற்காக நீண்ட ஆம்புரோஸின் கை பாதியில் நின்றது. தாள் முழுக்க லெமினேட் செய்யப்பட்டுக் கெட்டியாக, பளபளவென்று இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை. கீழே வலது மூலைக் கறை, வரிசை எண்ணை முழுதாக மூடியிருந்தது.

"யாரு பண்ணது இது?"

"நாந்தான்யா," என்றார் ராக்காயி பெருமையாக. "வந்த அன்னிக்கே சாமி முன்னாடி வச்சு மஞ்ச தடவி, நேரா கடைக்குக் கொண்டுபோயி லெமினேட் போட்டுட்டேன். எங்க வம்சத்துல மொத சிஜில்யா, மொத சர்டிபிகேட்டு. கரையான் தின்னக் கூடாதுல்ல."

ஆம்புரோஸ் டார்ச்சை எடுத்து ஊதா ஒளியை மூலையில் அடித்தார். கறை பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கியது.

"மஞ்சதான்," என்றார்.

"பின்ன? நான் என்ன பெயின்ட்டா அடிச்சேன்?"

"மஞ்சளுக்கு அடியில என்ன இருக்கு, தங்கச்சி? அதான் எனக்குத் தெரியணும். நாலு மூலையிலயும் சின்னதா வச்சிருக்கீங்க. நம்பர் இருக்குற மூலையில மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?"

கேள்வி என்னையே குத்தியது. அதே சமயம் நானும் எழுந்து நின்று அந்த மூலையைத்தான் பார்த்தேன்.

ஆம்புரோஸ் தாளைக் கவிழ்த்தார். உள்ளங்கையை வைத்தார்.

"சொல்லு பிள்ளை. மழை பேஞ்சா அந்த காலேஜுல எந்தப் பக்கம் ஒழுகும்?"

"ஒழுகாது அங்கிள். நாங்க நடு மாடி. மேல ஜிம். வெயிட்டக் கீழ போட்டா தலைக்கு மேல டொம்முனு கேக்கும். பரீட்சை எழுதுறப்பகூட. கீழ கைப்பேசிக் கடை."

"அத கீழ இருக்கிற கடைக்காரனும் சொல்வான்."

"கழிவறைக் கதவு பூட்டாது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு பாட்டுப் பாடணும். பாட்டு நின்னா ஆள் வாரான்னு அர்த்தம்."

"அத அங்க கூட்டுறவங்களும் சொல்வாங்க."

பிரமிளாவின் கழுத்து சிவந்தது. "அங்கிள், நான் தெரியலன்னா பொய்யுங்கிறீங்க. தெரிஞ்சா வேற யாராச்சும் சொல்வாங்கங்கிறீங்க. அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"ஏன்யா," என்று ராக்காயி புகுந்தார், "மாரியாத்தாளே வந்து நின்னாலும் ஐசி கார்டு கேப்பீங்க போலிருக்கே?"

"கேப்பேன்லா. நெசமான மாரியாத்தா எடுத்துக் குடுப்பா. போலி மாரியாத்தாதான் கோவிச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ராக்காயி சிரிக்கவில்லை. "நான் ரப்பர் தோட்டத்துல ஆயாவா இருந்தவ. அம்மாக்காரிங்க பால் மரம் வெட்டப் போயிருவாளுங்க. தொட்டில்ல கெடந்ததுல இருந்து நடக்குற வரைக்கும் அறுபது எழுபது பிள்ளைய நான் பாத்துருக்கேன். ஒருத்தன் எங்கிட்ட சிஜில் கேட்டதில்ல. இவ மூணு வருசம் படிச்சு வாங்கிட்டு வந்திருக்கா, இவகிட்ட போயி கக்கூஸு கதவக் கேக்குறீங்க."

ஆம்புரோஸ் தாளைத் திருப்பி, கல்லூரியின் அழுத்து முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரலால் தடவினார். மை இல்லாமல், தாளையே புடைக்க வைக்கும் முத்திரை அது. வழவழப்புத்தான் தட்டுப்பட்டது.

"இங்கதான் சிக்கல். அசல் முத்திரைன்னா விரலுக்குத் தெரியும். பிளாஸ்டிக்குக்குள்ள போட்டு மூடிட்டீங்க. நம்பரும் இல்ல, முத்திரையும் இல்ல. எதப் பாத்து நான் சாப்பு குத்துறது?"

"பிரிச்சுப் பாருங்க," என்றாள் பிரமிளா. கத்தரிக்கோல் என் மேசையில் இருந்தது. அவள் கை அதை நோக்கி வந்தது.

"ஏய்!" ராக்காயி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்லா," என்றார் ஆம்புரோஸும் அதே நேரத்தில். "பசை தாளோட ஒட்டியிருக்கும். உரிச்சா தாளும் சேந்து வந்துரும். போச்சுன்னா இன்னொன்னு குடுக்க காலேஜு இல்ல." தாளை ராக்காயி பக்கம் நகர்த்தினார். "தாக் போலே, முடியாது தங்கச்சி. எடுத்துட்டுப் போங்க. வேற ஆபீசுக்குப் போங்க, குத்திக் குடுப்பான்."

"அவங்க வேற ஆபீஸ் சாப்பு வேணாம்னுட்டாங்க அங்கிள்."

"தெரியும்."

ஏலக்காய் டப்பாவை அவர் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ராக்காயி மறுபடி துண்டைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமிளா நகரவில்லை. "ஒரு நிமிசம்மா," என்றாள். அம்மாவிடமிருந்து தாளை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஆம்புரோஸின் பென்சிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். முத்திரை இருக்க வேண்டிய இடத்தின்மேல் வெள்ளைத் தாளைப் பரப்பி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். சாம்பல் நிறம் படர்ந்தது. அதில் ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தியா," என்றார் ஆம்புரோஸ் மெல்லிய குரலில்.

"உங்க தாளு ரொம்ப மொத்தமா இருக்கு. பென்சிலும் கடினம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மெல்லிசா தாளு இருக்கா?"

படியெடுக்க வைத்திருந்த மெல்லிய தாள் ஒன்றைக் கொடுத்தேன். அவள் துணிப்பையைத் துழாவினாள். ஒட்டுப் பசை, வண்ணத் துணுக்குகள், முனை மழுங்கிய குட்டிக் கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாக ஆம்புரோஸின் மேசைக்கு வந்தன. கடைசியில் பச்சை நிறக் கிரேயான் ஒன்று கிடைத்தது. அதன் மேல்தாளை உரித்து, குறுக்கே படுக்க வைத்தாள்.

"பிள்ளைங்களுக்கு எலை வச்சு செஞ்சு காட்டுவோம், அங்கிள். காசு வச்சும் செய்வோம். அழுத்துனா வராது. எல்லாப் பிள்ளையும் மொதல்ல அழுத்தும். பூனைய தடவுற மாதிரி தடவணும்." அவள் கை ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "ஒரே பக்கம். திரும்பி வரக் கூடாது. தாள இந்தக் கை புடிச்சுக்கணும். ம்... இப்பப் பாருங்க."

பச்சைக்குள்ளிருந்து ஒரு வளைவு வந்தது. பிறகு ஒரு வட்டம். வட்டத்துக்குள் விரித்த புத்தகம். விளிம்பில் எழுத்துகள், ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. ஆம்புரோஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு இழுப்பறையை இழுத்து, ஆறாம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து, பச்சைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நோட்டில் அவர் வரைந்திருந்த முத்திரையில், கல்லூரிப் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு கால் முறிந்திருந்தது. பக்கத்தில் குறிப்பு: 'அச்சு விழுந்து உடைந்தது. மூடும்வரை மாற்றவில்லை.' அவர் பிடித்த மூன்று போலிகளிலும் அந்த எழுத்து முழுதாக, அழகாக இருந்ததாம். பச்சைத் தாளில் அந்த எழுத்து முறிந்த காலோடு நின்றது.

ஆம்புரோஸ் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ராக்காயி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இந்த மனிதர் அடுத்து என்ன ஓட்டையைக் கண்டுபிடிப்பாரோ என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளைங்க மொதல்ல அழுத்தும்னியே," என்றார் நிமிராமல். "அழுத்திக் கிழிச்சிட்டா என்ன பண்ணுவ?"

"இன்னொரு தாள் குடுப்பேன்."

"அதுவும் கிழிஞ்சா?"

"அதுக்குத்தானே அங்கிள் என்னை எடுக்குறாங்க."

ஆம்புரோஸ் பிஸ்கட் டப்பாவின் பூட்டைத் திறந்தார். பிரமிளா கொண்டுவந்திருந்த நகலை வாங்கி, அதோடு பச்சைத் தாளைச் சேர்த்து ஸ்டேப்பிளர் ஊசி அடித்தார். நகலின் அடியில் மலாயில் எழுதினார்: அசல் நெகிழி உறைக்குள் இருக்கிறது, வரிசை எண் மஞ்சள் கறையால் தெரியவில்லை, முத்திரை தேய்த்து எடுக்கப்பட்டு இணைக்கப்பட்டுள்ளது, அச்சு அடையாளம் பொருந்துகிறது. எழுதியதை இரண்டு முறை படித்தார். இரண்டு தாளும் சேரும் ஓரத்தில் பாதி இதிலும் பாதி அதிலுமாக முத்திரை விழும்படி குத்தினார். கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார்.

ராக்காயி தாளைத் துண்டில் சுற்றினார். நகலை மகளிடம் கொடுக்காமல் தானே மார்போடு வைத்துக்கொண்டார். "வாரேன்யா," என்றார். படிவரை போய்த் திரும்பி, "அந்த மூலையில பெருசா இருக்கு பாத்தீங்களா, அன்னிக்கு எனக்குக் கை நடுங்குச்சு. அவ்வளவுதான்," என்றார்.

"சரி தங்கச்சி," என்றார் ஆம்புரோஸ்.

காலடிச் சத்தம் படியிறங்கி, கோப்பிக்கடையின் இரைச்சலில் கலந்தது. பிரமிளாவின் பச்சைக் கிரேயான் மேசையிலேயே கிடந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போவார், கூப்பிட்டுக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் போனது சுவருக்கு. சாப்பு குத்தும் அதிகாரம் தந்த தன் நியமனக் கடிதத்தைச் சட்டத்தோடு ஆணியிலிருந்து இறக்கினார். பின்பலகையின் ஊசிகளை நகத்தால் ஒவ்வொன்றாக மடக்கி, கடிதத்தை வெளியே எடுத்து மேசையில் பரப்பினார். என்னிடம் கை நீட்டினார். ஒரு மெல்லிய தாளைக் கொடுத்தேன். கடிதத்தின் அடியில் முத்திரை இருக்கும் இடத்தின்மேல் அதைப் போட்டு, கிரேயானைக் குறுக்கே படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல், ஒரே பக்கமாகத் தடவ ஆரம்பித்தார்.